நீர் ஊற்றாமை: ஈழத்தலரி வளர்ப்பு குறித்து

பூச்செடி வளர்ப்பைப் பற்றி எழுதுவோர், எந்தச் செடிக்கு எவ்வளவு நீர் ஊற்ற வேண்டும் என்பதை விரித்துரைப்பர். எந்தச் செடிக்கு, எந்நாள்களில், எவ்வாறு நீர் ஊற்றாதிருப்பது என்பதை ஒரு வரியில் கடந்துவிடுவர். முன்னதற்குக் கையும் குடமும் போதும். பின்னதற்குப் பயிற்சி வேண்டும். அழுக்காறாமை, வெஃகாமை, கள்ளாமை, வெகுளாமை, கொல்லாமை என்று செய்யாமைகளுக்குத் தனித்தனி அதிகாரம் வகுத்த திருக்குறளே, கடவுள் வாழ்த்தை அடுத்து மழையைத்தான் போற்றுகிறது. வான்சிறப்பை இரண்டாம் அதிகாரமாகக் கொண்ட ஒரு மொழியில் நீர் ஊற்றாமையை ஓர் ஒழுக்கமாக நிறுவுவது எளிய பணியன்று. எனினும் முற்றத்தில் ஈழத்தலரி வைத்திருப்போர்க்கு வேறு வழியில்லை.

ஈழத்தலரி என்பது பெருங்கள்ளி என்றும் வழங்கும் சிறுமரம். கோயில் நந்தவனங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் பழைய அரசு அலுவலக வளாகங்களிலும் நெடுங்காலமாக நிற்பது. இப்போது தங்கும் விடுதிகளின் நீச்சல்குளக் கரைகளுக்கும் வந்துவிட்டது. தடித்த, சாம்பல்நிறக் கிளை, ஒடித்தால் பால், கிளையின் நுனியில் மட்டும் கொத்தாக இலை, அக்கொத்தின் நடுவே மஞ்சள் கழுத்துடைய ஐந்திதழ் வெள்ளைப்பூ. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி ஆகியவை இதன் உறவினங்கள்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இம்மரத்தின் தாயகம் மெக்சிகோ, நடு அமெரிக்கா, கரீபியத் தீவுகள் ஆகிய பகுதிகள். தமிழர் இதற்கு ஈழத்தலரி என்று பெயரிட்டனர். மலையாளிகள் ஈழச்செம்பகம் என்றனர். இரு சாராரும் இது இலங்கையிலிருந்து வந்தது எனக் கொண்டமை தெளிவு. இலங்கையிலோ சிங்களவர் இதனை அரலிய என்பர். அப்பெயரில் எந்த ஊரும் இல்லை. மலாய்மொழியில் இதன் பெயர் கெம்போஜா. அம்மொழியில் கம்போடியா நாட்டின் பெயரும் அதுவே. ஹவாய்த் தீவினர் கரீபிய வெள்ளை வகையைச் சிங்கப்பூர் என்று அழைக்கின்றனர். ஆக, இம்மரம் தன் ஊரல்லாத ஊர்களின் பெயராலேயே பல இடங்களில் அறியப்படுகிறது. சிங்களவர் நீங்கலாக, இவர்கள் ஒவ்வொருவரும் வேறோர் ஊரைக் கைகாட்டியுள்ளனர். வங்காளிகள் மர ரோஜா என்று பொருள்படும் பெயரை வைத்தனர். இது ஊர்ப்பிழை அன்று, குலப்பிழை. தெலுங்கரும் கன்னடரும் தேவ அரளி என்ற பொருளில் பெயரிட்டனர். தேவர்களின் ஊரைப் பற்றி மட்டும் இங்கே ஆராயவில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த மரமாதலால் சங்க இலக்கியத்தில் இதற்கு இடமில்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய மலர்கள் தொண்ணூற்றொன்பது என்பது மரபான கணக்கு. ஈழத்தலரி அவற்றுள் இல்லை; இருக்கவும் இயலாது.

அறிவியற் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. சார்லஸ் ப்ளூமியே என்னும் பிரெஞ்சுத் துறவி (1646–1704) மும்முறை கரீபியத் தீவுகளுக்குச் சென்று செடிகளை வரைந்து வந்தவர். மாக்னோல், பெகோன், ஃபுக்ஸ் என்னும் மூவர் பெயரால் மக்னோலியா, பெகோனியா, ஃபுக்சியா என்று பூக்களுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. அப்பெயர்களில் உரியவரின் பெயர் குறையின்றி அமைந்துள்ளது. அவருக்கு நன்றியாக இம்மரத்துக்குச் சூட்டப்பட்ட பெயர், 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் தம் நூலில் பதித்த வடிவில் ஓர் எழுத்து குறைந்துள்ளது. ப்ளூமியேரியா என்றிருக்க வேண்டியது ப்ளூமேரியா ஆயிற்று. முதலில் அச்சேறிய வடிவமே செல்லும் என்பது தாவரவியலார் மரபாதலால், அந்த ஒற்றை எழுத்து 270 ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பவில்லை. பிறர் பெயரை முழுமையாகக் காத்த ஒருவருக்குத் தம் பெயர் முழுமையாகக் கிடைக்காமற் போனது வருத்தத்துக்குரியது.

பெயர் ஒருபுறமிருக்க, வளர்ப்புக்கு வருவோம். மார்கழி, தை மாதங்களில் இம்மரம் இலைகளை உதிர்க்கத் தொடங்கி, மாசியில் வெறுங்கிளையாக நிற்கும். மான்கொம்புகளைக் கட்டி நட்டது போன்ற அத்தோற்றத்தைக் கண்டு, மரம் பட்டுவிட்டது என்று முடிவுகட்டுவோர் பலர். உண்மையில் மரம் தன் சிக்கனத்தின் உச்சத்தில் இருக்கும் காலம் அது. நீர் ஆவியாகி வெளியேறும் வாயில்கள் இலைகளில் உள்ளன. இலையை உதிர்த்ததும் அவ்வாயில்கள் அடைபடுகின்றன. பருத்த தண்டு தன்னுள் சேமித்த நீரைக் கொண்டு வறட்சியைக் கடக்கிறது. இலையற்ற மரத்துக்கு ஊற்றும் நீரை வேர் பெரிதும் எடுத்துக்கொள்ளாது. அது மண்ணில் தங்கும். மண்ணிலுள்ள காற்றை வெளியேற்றும். மூச்சற்ற வேரைப் பூஞ்சணம் பற்றும்.

பட்டதா, உறங்குகிறதா என்பதை அறிய மூன்று சோதனைகள் உள. தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது முதலாவது: கெட்டியாக இருந்தால் உறக்கம், பழுத்த வாழைப்பழம் போல் உள்வாங்கினால் இறப்பு. நகத்தால் மேற்பட்டையைச் சிறிது கீறிப் பச்சையும் பாலும் காண்பது இரண்டாவது. இது ஐயத்துக்கு இடமற்ற சோதனை. ஆயினும் ஐயம் மிக்கவர்கள் நாள்தோறும் கீறுவதால் மரம் தழும்புறும். ஆகவே கிளைக்கு ஒரு கீறல், பருவத்துக்கு ஒரு கிளை என்னும் வரம்பைக் கடைப்பிடிப்பது நன்று. மூன்றாவது சோதனை, சித்திரை வரை காத்திருப்பது. மூன்றனுள் இதுவே சிறந்தது. இதனை மேற்கொள்வோரே குறைவு.

இனி, நீர் ஊற்றுவோரை வகைப்படுத்தாமல் நீர் ஊற்றாமையை விளக்க இயலாது. இரக்கத்தால் ஊற்றுவோர் முதல் வகையினர். வெறுங்கிளையைக் கண்டு மனம் பொறாத இவர்கள், வீட்டுக்காரர் வெளியூர் சென்ற நாள்களில் அண்டை வீட்டிலிருந்து வருவர். ஒழுங்கால் ஊற்றுவோர் இரண்டாம் வகை: ரப்பர் குழாயை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துச் செல்லும் இவர்களுக்கு நடுவில் ஒரு தொட்டியைத் தாண்டுவது கடமை தவறியதாகும். மிச்சத்தால் ஊற்றுவோர் மூன்றாம் வகை. குடித்து மீந்த குவளைநீர், அரிசி களைந்த நீர், குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீர் ஆகியவற்றை வீணாக்க மனமின்றி அருகிலுள்ள தொட்டியில் சேர்ப்பவர்கள் இவர்கள். இக்கட்டுரையாளனின் தாயார் இவ்வகையைச் சார்ந்தவர். "அரிசி களைஞ்ச தண்ணிடா, செடிக்குச் சத்து" என்பது அவர் வாதம். எல்லாச் செடிகளுக்கும் பொதுவாகச் சொல்லப்பட்ட விதியில் ஈழத்தலரிக்கு விலக்கு உண்டு என்பதை அவர் ஏற்கப் பதினான்கு மாதங்கள் ஆயின. அதன்பின் அந்நீர் கறிவேப்பிலைக்குச் சென்றது.

நான்காம் வகையினரே அச்சத்துக்குரியோர்: தாம் ஊற்றுவதைத் தாமே அறியாதோர். மாடியில் பொருத்திய ஏசி இயந்திரத்தின் குழாய் கீழ்நோக்கி வளைந்து, சரியாகத் தொட்டியின் மேல் முடியும். கடற்கரை ஊரின் காற்றில் ஈரம் மிகுதி; ஓர் இரவில் சொட்டும் நீர் ஒரு வாளியை நிரப்பும். முதல் மூவகையினரிடம் பேசலாம். நான்காம் வகையினரிடம் பேசினால் அவர்கள், நாங்கள் எங்கே தண்ணீர் ஊற்றினோம் என்று வியப்பர், அவ்வியப்பு உண்மையானதே. இங்கே மாற்றியமைக்க வேண்டியது அவர்கள் மனத்தையன்று, இரண்டடிக் குழாயை.

நீர் ஊற்றாமை என்னும் விதியை இக்கட்டுரையாளன் விலை கொடுத்தே கற்றான். சென்னையில் அவன் முதலில் நட்ட கிளை, 2015 டிசம்பர் மழையில் ஒன்பது நாள் தண்ணீரில் நின்றது. வடிந்தபின் பார்த்தால் மேலே பச்சை இலை. கீழே தண்டு கறுத்து, விரல் பட்ட இடத்தில் தோல் கழன்று, உள்ளே கூழாக இருந்தது. மேலிலைகள் மேலும் நான்கு நாள் பச்சையாகவே நின்றன, செய்தி இன்னும் வந்து சேராததுபோல. அடுத்த ஆண்டு நட்ட கிளை 2019-ஆம் ஆண்டு கோடையைக் கண்டது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறத்தாழ வறண்டுபோய், அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் ரயிலில் நகருக்குக் குடிநீர் வந்தது. தெருவில் குடங்கள் வரிசையில் நின்ற அந்நாள்களில், முற்றத்து ஈழத்தலரி கொத்துக்கொத்தாகப் பூத்தது. வெள்ளத்தில் ஒரு மரம் செத்ததும் வறட்சியில் ஒரு மரம் பூத்ததும் நான்காண்டுகளுக்குள் ஒரே முற்றத்தில் நிகழ்ந்தவை. இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

நடும் முறையும் செய்யாமையையே அடிப்படையாகக் கொண்டது. மாசி, பங்குனியில், துளிர் வருமுன், ஓரடி முதல் ஒன்றரையடி நீளமுள்ள முற்றிய கிளையை வெட்ட வேண்டும். வெட்டுவாயில் பால் வடியும். அது துணியில் பட்டால் கறையாகும், தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கண்ணில் படவே கூடாது. பிற செடிகளின் கிளையை வெட்டிய கையோடு நடுவதே வழக்கம். இதனை நட்டால் அழுகும். நிழலில் ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், சும்மா சாய்த்து வைக்க வேண்டும். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியபின், பாதிக்கு மேல் மணல் கலந்த மண்ணில் மூன்று விரற்கடை ஆழத்தில் ஊன்றி, ஆடாதபடி கழியொன்றில் கட்டி, ஒருமுறை நீர் விட்டு, இலை விரியும் வரை மறந்துவிட வேண்டும். இம்முறையில் மறத்தலே கடினமான படி. வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்ப்பவர்கள் உளர். பிடுங்கிய நாளில் வேர் பிடித்திருந்தது என்பதை மட்டும் அவர்கள் அறிவர்.

வாங்கும்போதே வகையறிந்து வாங்குவது தலையாயது. இலைநுனி கூராக இருப்பது ரூப்ரா. இதுவே நந்தவனத்துப் பழைய மரம், கோடைக்கு முன் இலை உதிர்ப்பது, வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, செந்நிறம் எனப் பல நிறம் காட்டுவது. இலைநுனி மழுங்கி உருண்டிருப்பது ஒப்டூசா. பெரும்பாலும் ஆண்டு முழுதும் பச்சை. இலை நாகப்பாம்பின் படம்போல் விரிந்திருப்பது புடிகா. இலையின் பக்க நரம்புகள் விளிம்பைத் தொடாமல், விளிம்பையொட்டி ஓடும் இன்னொரு நரம்பில் சென்று சேர்வது ப்ளூமேரியா இனத்துக்குரிய பொது அடையாளம். வெயிலுக்கு எதிரே இலையைப் பிடித்தால் வயலோரத்து வாய்க்கால் போல அது தெரியும். இப்போது நர்சரிகளில் மிகுதியாக விற்பது புடிகா. அது இலை உதிர்ப்பதில்லை, ஆண்டு முழுதும் பூக்கிறது, ஆதலால் அடுக்ககங்களின் வேலியோரம் எங்கும் நிற்கிறது. புடிகா என்னும் இலத்தீன் சொல்லுக்கு நாணமுடையது என்பது பொருள். தொட்டாற்சிணுங்கிக்கும் அதே அடைமொழி. புடிகாவின் பூவுக்கு மணமில்லை. மாலையில் அதனருகே நின்று மூச்சை இழுத்துப் பார்த்து, சளி பிடித்துள்ளது போலும் என்று திரும்பியவர்களை இக்கட்டுரையாளன் கண்டுள்ளான். மணமற்ற ஒன்றை ஈழத்தலரி என்று விற்பது தகாது என்பதே இங்குக் கொள்ளும் முடிபு.

மணமோ இம்மரத்தின் முழு வணிகமும் ஆகும். பொழுது சாய்ந்தபின் ஏறும் மணத்தை நம்பி, நீண்ட உறிஞ்சுநாவுடைய பருந்து அந்துப்பூச்சி இருட்டில் வருகிறது. பூவின் குழலுக்குள் நாவைச் செலுத்துகிறது. அங்கே தேன் இல்லை. அடுத்த பூவில் இருக்கும் என்று செல்கிறது, அங்கும் இல்லை. இவ்வாறு தேடித் திரிகையில் மகரந்தம் பூவுக்குப் பூ மாறிவிடுகிறது. நீரில் சிக்கனம் பேணும் மரம் தேனிலும் அதனைப் பேணுகிறது என்று கொள்வது பொருந்தும். இம்மணத்தை நுகர்ந்த ஐரோப்பியர், இத்தாலியப் பிரபு குடும்பமொன்றின் பெயரால் வழங்கிய கையுறை வாசனைப்பொருளின் மணம் இது என்று கண்டு, ஃப்ராங்கிபானி என்று பெயரிட்டனர். அவ்வகையில் இது கையுறையின் பெயரைப் பெற்ற பூ.

அடுத்து, உதிர்ந்த பூ. இது சற்று விரித்துரைக்கத் தக்கது. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களைத் தமிழ் ஏழாகப் பகுத்துள்ளது. உதிர்வது வீ, வாடியது செம்மல். மல்லிகை கொடியிலேயே வாடும். அரளியும் பெரிதும் அவ்வாறே. ஈழத்தலரியோ வாடாமல், நிறம் குன்றாமல், மணம் மாறாமல் விழுகிறது. மண்ணில் கிடக்கும் அதனைக் கிளையிலிருப்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு காண இயலாது. எனவே விழுந்த கணத்தில் அது வீயா, இன்னும் அலரா என்பது வினா. இடத்தை நோக்கின் வீ. தன்மையை நோக்கின் அலர். விடியலில் விழுந்தது முற்பகல் வரை அலராகவே இருக்கிறது. வெயில் ஏற ஏற இதழ் விளிம்பு தேநீர்க்கறை நிறம் கொண்டு, மாலைக்குள் முழுதும் பழுப்பாகிச் செம்மலை அடைகிறது. ஆகவே இம்மலர்க்கு விழுதல் ஒரு முடிவன்று, இடமாற்றம். முற்பகல் வரை தரையிலுள்ள ஈழத்தலரியை அலர் என்றே வழங்குவதும், பெருக்கித் தள்ளாதிருப்பதும் முறை.

விழும் நிலையும் இருவகைத்து. ஐந்து இதழ்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே திசையில் சுழித்து அமைந்திருப்பதால், காற்றில்லாத வேளையில் காம்புக்குழல் கீழாகச் சுழன்றபடி இறங்கும். பெரும்பாலும் மல்லாந்து கிடக்கும். காற்றடித்தால் கவிழும். முற்றம் நிறைய மல்லாந்த பூக்கள் கிடந்தால் இரவு அமைதியாக இருந்ததென்றும், கவிழ்ந்தவை மிகுந்தால் காற்றிருந்ததென்றும் அறியலாம்.

கண்டி தலதா மாளிகை வாயிலில் இப்பூ காணிக்கையாக விற்கப்படுகிறது. பாலியில் அன்றாட வழிபாட்டுத் தட்டில் வைக்கப்படுகிறது. லாவோஸ் நாட்டின் தேசிய மலர் இதுவே, நிகராகுவாவின் தேசிய மலரும் இதுவே. மலாய் நாட்டில் இது இடுகாட்டு மரம். தமிழகத்துப் பூக்கடையில் முழம் போட்டு விற்க வருவது அரிது. பால் வடியும் மரம் வீட்டுக்காகாது என்றொரு கருத்தும் இங்கு நிலவுகிறது. அதனை மதிப்போர் வீடுகளிலும் நந்தியாவட்டை பூக்கிறது, நித்தியகல்யாணி பூக்கிறது. இரண்டும் பால் வடிப்பன. அளவு குறைவாதலால் விலக்களிக்கப்பட்டது எனில், எத்தனை சொட்டு வரை வீட்டுக்காகும் என்பதை வரையறுத்தல் வேண்டும். வரையறுக்கும் வரை, ஈழத்தலரியை வாசலில் வைப்பதற்குத் தடையில்லை.

நோய்களைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. இலையடியில் காவிப்பொடி தூவியது போல் துருநோய் வரும்; அவ்விலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தினால் போதும். 2008-இல் கோவையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டுப் பப்பாளித் தோட்டங்களை அழித்த மாவுப்பூச்சி இம்மரத்தையும் பற்றியது. 2010-இல் அதற்குரிய ஒட்டுண்ணிக் குளவியை விட்டபின் அடங்கியது. வேரழுகல் ஒன்றே தொடர்கிறது. அதற்கு மருந்து இக்கட்டுரையின் தலைப்பில் உள்ளது.

மரத்தின் அகவையை அறிய விழைவோர் கவைகளை எண்ண வேண்டும். பூங்கொத்து கிளையின் நுனியில் தோன்றி அந்நுனியின் வளர்ச்சியை முடித்துவிடும். அதன் அடியிலிருந்து இரண்டோ மூன்றோ புதுக்கிளைகள் பிரியும். ஒவ்வொரு கவையும் ஒரு பூத்தலின் பதிவு. முற்றத்து மரத்தில் இன்று காலை எண்ணியபோது, கிழக்குக் கிளையில் அடியிலிருந்து நுனிவரை ஆறு கவைகள் இருந்தன. நுனியில் கூம்பிய நிலையில் இரண்டு இலைகள் வந்துள்ளன. நீர் இன்னும் ஊற்றவில்லை.